ஹேக் நீதிபதிகளை யார் தெரிவு செய்கிறார்கள், நமக்கு அதில் என்ன?

வாசகர் கேள்வி (உப்புவெளி), 2025 செப்டம்பர் 2

அக்கா, சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டு போக வேண்டும் என்று இருபது வருடமாக ஊரெல்லாம் பேசுகிறோம். அங்கே இருக்கும் நீதிபதிகள் பாதுகாப்புச் சபையின் ஐந்து வல்லரசுகளும் பேசி வைத்துப் போடும் ஆட்கள்தானே? இலங்கை அதில் உறுப்பு நாடும் இல்லை. யார் வந்தால் நமக்கென்ன?

செப்டம்பர் 2, இரவு

தம்பி, பாதுகாப்புச் சபைக்கும் இந்தத் தெரிவுக்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் நினைப்பது நெதர்லாந்தின் ஹேக் நகரிலேயே இருக்கும் மற்ற நீதிமன்றம். நாட்டுக்கும் நாட்டுக்கும் உள்ள வழக்கைப் பார்க்கும் சர்வதேச நீதிமன்றம் அது. அதன் 15 நீதிபதிகளை ஐ.நா. பொதுச்சபையும் பாதுகாப்புச் சபையும் தெரிவு செய்யும். நம் நாட்டு சி. ஜி. வீரமந்திரி 1991 முதல் 2000 வரை இருந்தது அங்கேதான்.

தனி ஆட்களை விசாரிக்கும் குற்றவியல் நீதிமன்றம் வேறு. அங்கே 18 நீதிபதிகள். 1998இல் ரோமில் எழுதிய சாசனத்தை ஏற்றுக்கொண்ட நாடுகள், 2025இல் 125, ஒரு பேரவையாகக் கூடி இரகசிய வாக்கெடுப்பு நடத்தி அவர்களைத் தெரிவு செய்கின்றன. நாட்டுக்கு ஒரு வாக்கு. ஜெர்மனிக்கும் ஒன்று, நவுருவுக்கும் ஒன்று. அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூன்றும் உறுப்பினர் இல்லை, ஆகவே வாக்கும் இல்லை.

நமக்கென்ன என்று கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. நான் நீதிமன்ற எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். கட்டடம் அதே, சட்டப் புத்தகம் அதே, சாட்சியும் அதே ஆள். நீதிபதி இடமாற்றமாகிப் போன மறுநாள் அது வேறு நீதிமன்றமாகிவிடும். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்பதால் இந்தத் தெரிவு விஷயத்தை விட முடியவில்லை. ஆறுதலாக எழுதுகிறேன்.

செப்டம்பர் 3

சிலர் விதிமுறையைக் கேட்டிருந்தீர்கள். சாசனத்தின் 36ஆம் உறுப்புரையில் பெரும்பாலும் இருக்கிறது. பதவிக்காலம் ஒன்பது வருடம், மறுபடி நிற்க முடியாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆறு பேர் போக, ஆறு பேர் வருவார்கள். வந்து வாக்களிக்கும் நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால்தான் வெற்றி. ஒரே நாட்டவர் இருவர் இருக்க முடியாது. ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு சரளமாக வேண்டும். தன் நாட்டில் அதியுயர் நீதிமன்றத்துக்கு நியமிக்கப்படும் தகுதி இருக்க வேண்டும். இரண்டு வருடச் சந்தாவைக் கட்டாமல் வைத்திருக்கும் நாடு வாக்கை இழக்கும், அது 112ஆம் உறுப்புரையில்.

செப்டம்பர் 5

இனி விஷயத்துக்கு வருவோம். வேட்பாளர்கள் இரண்டு பட்டியலில் வருவார்கள். முதல் பட்டியல், குற்றவியல் வழக்குகளில் நீதிபதியாகவோ வழக்குத் தொடுநராகவோ சட்டத்தரணியாகவோ நின்றவர்களுக்கு. இரண்டாவது, சர்வதேச மனிதாபிமானச் சட்டம், மனித உரிமைச் சட்டம் தெரிந்தவர்களுக்கு. பேராசிரியர்களும் இராஜதந்திரிகளும் பெரும்பாலும் இந்த வழியால்தான் வருகிறார்கள். முதல் தேர்தலிலேயே குறைந்தது 9 பேர் முதல் பட்டியலிலிருந்தும் 5 பேர் இரண்டாவதிலிருந்தும் வரவேண்டும் என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது பட்டியல் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. இனப்படுகொலைச் சட்டத்தை ஆராய்ந்து ஆயுளைக் கழித்தவர்களும் அங்கே வேண்டும். ஆனால் சாட்சிக் கூண்டில் நிற்கும் ஒரு மனிதரைப் பார்த்து, இவர் பயந்து தடுமாறுகிறாரா, பொய் சொல்லித் தடுமாறுகிறாரா என்று பிரித்தறிவதைப் புத்தகத்தில் படிக்க முடியாது.

ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த பெண் தன் கணவரின் சட்டையை அடையாளம் காட்ட வேண்டும். அரக்கு முத்திரை வைத்த கபிலநிறப் பொதியை நான்தான் உடைத்தேன். உள்ளே சட்டை கறையோடு காய்ந்து மடங்கிப் போய் இருந்தது. விரித்துக் காட்டச் சொன்னார் அரச தரப்புச் சட்டத்தரணி. நீதிபதி கையை உயர்த்தி நிறுத்தினார். "அம்மா, அந்தச் சட்டையில் உங்களுக்கு மட்டும் தெரிந்த அடையாளம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். இரண்டாவது பொத்தானை நீல நூலால் தைத்தேன், வெள்ளை நூல் முடிந்துவிட்டது என்றாள். கறை உள்ளே போகும்படி மடித்து அந்தப் பொத்தானை மட்டும் காட்டச் சொன்னார். நீல நூல்தான். பதிவேட்டில் இரண்டு வரி. அந்தப் பெண் மயங்கி விழவில்லை, குறுக்கு விசாரணைக்கு ஒரு பிடியும் கிடைக்கவில்லை.

வேறொரு நீதிபதியிடம் இதே மாதிரியான பெண்கள் "சத்தமாகப் பேசு" என்று அதட்டப்பட்டு, வாய் அடைத்துப் போய் இறங்கியதையும் பார்த்திருக்கிறேன். அவருடைய சட்ட அறிவில் யாரும் குறை சொல்ல முடியாது.

செப்டம்பர் 5, பின்னேரம்

ஒருவர் "அங்கே எல்லாம் வீடியோ, திரை, குரல் மாற்றும் கருவி என்று வசதி இருக்கிறதே" என்று எழுதியிருக்கிறார். இருக்கிறது. ஆனால் அதை எப்போது போடுவது என்று முடிவு செய்வதும் நீதிபதிதானே.

அந்த நீதிமன்றத்தின் முதல் வழக்கையே எடுங்கள். கொங்கோவின் தோமஸ் லுபங்கா, சிறுவர்களைப் படையில் சேர்த்த குற்றச்சாட்டு. 2009 ஜனவரியில் முதல் சாட்சி ஏறினார், முன்னாள் சிறுவர் போராளி. எதிரே குற்றஞ்சாட்டப்பட்டவர் இருந்தார். சாட்சி சொல்லத் தொடங்கியவர், அன்றைக்கே சொன்னதை மறுத்துவிட்டார். தலைமை தாங்கிய ஏட்ரியன் ஃபுல்ஃபர்ட் இங்கிலாந்தில் குற்றவியல் வழக்குகளில் ஊறியவர். சாட்சியத்தை நிறுத்தி, பாதுகாப்பு ஏற்பாடுகளை மாற்றி, சில நாள் கழித்து அந்தச் சாட்சி மறுபடி வந்து பேச இடம் செய்தார்கள். அவ்வளவும் செய்துவிட்டு, 2012 மார்ச் தீர்ப்பில் அதே சாட்சியத்தை நம்பியிருக்க முடியாது என்று ஒதுக்கியும் வைத்தார்கள். லுபங்கா மற்றச் சான்றுகளின் பேரில் குற்றவாளியானார்.

பேச இடம் கொடுப்பது ஒரு வேலை, நிறுத்துப் பார்ப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே ஆள் செய்ய வேண்டும். எனக்கு வேண்டிய நீதிபதி அப்படிப்பட்டவர்.

செப்டம்பர் 6

வாக்குப் பரிமாற்றம் பற்றி. கோயில் பரிபாலன சபைத் தெரிவு பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: உன் ஆளைத் தலைவராக்க நான் கை தூக்குகிறேன், என் ஆளைப் பொருளாளராக்க நீ தூக்கு. நியூயோர்க்கிலும் ஹேக்கிலும் அதுதான் நடக்கிறது. மனித உரிமைப் பேரவை ஆசனத்துக்கு ஒரு வாக்கு, அதற்குப் பதில் நீதிபதிக்கு ஒரு வாக்கு. இரகசிய வாக்கு என்பதால் யார் எதை விற்றார் என்று வெளியே தெரியாது.

ஜப்பான் 2007இல் சேர்ந்தது. சேர்ந்தவுடன் அதிகப் பணம் கட்டும் நாடும் அதுதான். அதே வருடம் ஃபுமிகோ சைகாவை அனுப்பியது. நீண்டகால இராஜதந்திரி, நீதிமன்றத்தில் வேலை செய்தவர் இல்லை. 2009இல் அவர் காலமானபின் அந்த இடத்துக்கு வந்த குனிகோ ஒசாகியும் வெளிநாட்டுச் சேவையிலிருந்து வந்தவர். 2019இல், ஒரு வழக்கின் தீர்ப்பு முடியாமல் இருக்கும்போதே, எஸ்தோனியாவுக்குத் தூதுவராகப் போனார். மற்ற நீதிபதிகளில் பெரும்பான்மையினர் அதற்கு அனுமதியும் கொடுத்தார்கள். கண்டனம் வந்தபின் தூதுவர் பதவியை விட்டார். ஒரு அரசின் தூதுவர் அதே நேரம் சுயாதீனமான நீதிபதியாகவும் இருக்கலாம் என்று படித்த மனிதர்கள் எப்படி முடிவெடுத்தார்கள் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

செப்டம்பர் 7

மேலே எழுதியதை வாசித்துவிட்டு ஒரு ஆசிரியை "ஜப்பானை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள்" என்கிறார். நியாயம், ரீச்சர். மறுபக்கத்தையும் எழுதுகிறேன். அதே ஜப்பான் 2017இல் அனுப்பியது தொமோகோ அகானேயை. நீண்டகாலம் வழக்குத் தொடுநராக இருந்தவர். 2024இல் நீதிமன்றத்தின் தலைவரே ஆனார். அதற்கு முன் 2023இல் புட்டினுக்குப் பிடியாணை கொடுத்த அமர்வில் இருந்ததால், ரஷ்யா அவரையே தேடப்படுபவர் பட்டியலில் போட்டது. ஆக, கேட்கிற மாதிரிக் கேட்டால் நாடுகள் திருந்தும். கேட்க ஆள் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 9

"நமக்கென்ன" என்பதற்கு இப்போது வருகிறேன். இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் இருந்துகொண்டு அதைக் கேட்கலாமா என்றுதான் முதல் நாள் மனம் வரவில்லை.

குமாரபுரம், 1996 பெப்ரவரி 11. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், குழந்தைகளும் அதில். வழக்கு இங்கிருந்து அனுராதபுரத்துக்குப் போனது. கிளிவெட்டிப் பக்கத்துச் சனம் விடியற்காலை பஸ் ஏறி, தெரியாத ஊரில், தங்களுடைய மொழி பேசாத ஜூரிகள் முன்னால் நின்று சொல்ல வேண்டி வந்தது. 2016 ஜூலையில் ஜூரிகள் ஆறு முன்னாள் இராணுவத்தினரையும் விடுவித்தார்கள்.

2006 ஜனவரி 2, நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள். கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று படைத்தரப்பு முதலில் சொன்னது. சவச்சாலையில் எடுத்த படங்களில் தலையில் சூட்டுக் காயம் தெரிந்தது. படமெடுத்த செய்தியாளர் அதே மாதம் 24ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். முக்கிய சாட்சிகள் நாட்டை விட்டே போனார்கள். 2019 ஜூலையில், போதிய சான்று இல்லை என்று குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள்.

இடையில் வெளிநாட்டார் வந்தும் பார்த்தார்கள். இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பி. என். பகவதி தலைமையில் ஒரு சிறப்பினர் குழு, 2007இல். ஐந்து மாணவர் வழக்கும், மூதூரில் 17 தொண்டுப் பணியாளர் கொல்லப்பட்டதும் அவர்கள் பார்த்த விசாரணையில் இருந்தன. ஆனால் அவர்களுக்கு இருந்தது விசாரணையைக் கவனிக்கும் அதிகாரம் மட்டும். விசாரணை சர்வதேசத் தரத்தில் நடக்கவில்லை, அதைத் திருத்தும் விருப்பமும் அரசிடம் இல்லை என்று சொல்லிவிட்டு 2008இல் போய்விட்டார்கள். பெரிய பெயர்தான். தீர்ப்பு எழுதும் பேனா அவர்கள் கையில் இல்லை.

செப்டம்பர் 10

மூதூர் நண்பருக்கு: ஆம், ஐ.நா. மனித உரிமைப் பேரவை இலங்கை பற்றி நிறைவேற்றிய 2015இன் 30/1 தீர்மானத்தில் பொதுநலவாய நாட்டு நீதிபதிகளும் ஏனைய வெளிநாட்டு நீதிபதிகளும் பங்குகொள்வது எழுதப்பட்டிருந்தது. இலங்கை அரசே அதற்கு இணை அனுசரணை கொடுத்தது. சில மாதத்தில் வெளிநாட்டு நீதிபதிகள் வரமாட்டார்கள் என்று ஜனாதிபதியே சொன்னார். மக்களிடம் கருத்துக் கேட்க அரசே அமைத்த கலந்தாலோசனைச் செயலணியின் அறிக்கை, 2017 ஜனவரியில் வந்தது, ஒவ்வொரு அமர்விலும் குறைந்தது ஒரு வெளிநாட்டு நீதிபதி வேண்டும் என்றது. 2020இல் அரசு அனுசரணையிலிருந்து விலகியது.

இவ்வளவு வாதாடியதில் "வெளிநாட்டு நீதிபதி" என்ற இரண்டு சொல்லோடு நம் பக்கமும் நின்றுவிட்டது. எந்த வெளிநாட்டு நீதிபதி, யார் தெரிவு செய்வது, என்ன அனுபவம் வேண்டும் என்று நாம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

செப்டம்பர் 13

நவி பிள்ளை பற்றி மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: அவரைப் போல ஒரு தமிழ் நீதிபதி அங்கே இருந்தால் போதும்.

அவர் தென்னாபிரிக்காவின் டர்பனில் பிறந்தவர். வெள்ளையர் ஆட்சியில் நீதிபதியின் அறைக்குள் கால் வைக்கவும் அனுமதி இல்லாத சட்டத்தரணியாக இருந்தவர். ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தில் நீதிபதியாகி, அதன் தலைவராகி, 2003இல் குற்றவியல் நீதிமன்றத்தின் முதல் 18 பேரில் ஒருவரானார். அந்த முதல் தேர்தல் 33 சுற்று வாக்கெடுப்பு வரை போனது. 18 பேரில் 7 பேர் பெண்கள். அவ்வளவு பெண்கள் வந்ததற்கு வாக்குச் சீட்டின் விதியும் ஒரு காரணம். முதல் சுற்றுகளில் ஒவ்வொரு நாடும் குறைந்தது இத்தனை பெண்கள், இந்தப் பிராந்தியத்திலிருந்து இத்தனை பேர் என்று குறித்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் சீட்டுச் செல்லாது. ருவாண்டாவின் அகாயேசு வழக்கில், பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் பகுதியாகலாம் என்று 1998இல் தீர்ப்பளித்த மூவரில் அவர் ஒருவர், அமர்வில் இருந்த ஒரே பெண். சாட்சிகள் அதைச் சொன்னபோது காது கொடுத்துக் கேட்கும் ஆள் அமர்வில் இருந்தார். இடஒதுக்கீட்டைத் தகுதிக்கு எதிரி என்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த வழக்கைத்தான்.

2013 ஓகஸ்டில், ஐ.நா. மனித உரிமை ஆணையாளராக, திருகோணமலைக்கும் வந்தார். அவரோடு பேசியவர்களைப் பின்னால் போய் விசாரித்தார்கள் என்று கொழும்பில் அவரே பகிரங்கமாகச் சொன்னார், நம் ஊர்ப் பெயரைச் சொல்லியே.

அவர் மேல் எனக்கு எவ்வளவு மதிப்பு என்று இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் "நம்ம ஆள் ஒருவர்" என்ற ஆசையை நான் ஏற்கமாட்டேன். நம்ம ஆள் வேண்டும் என்று நாம் கேட்டால் மற்றவனும் தன் ஆளைக் கேட்பான். அனுராதபுரத்து ஜூரியில் நமக்கு வலித்தது அதுதானே. நமக்கு வேண்டியது நமக்குச் சாய்பவர் என்றால், குற்றவாளி என்று அவர் எழுதும் தீர்ப்பை யார் மதிப்பார்கள்?

செப்டம்பர் 14

நேற்று எழுதியதில் ஒரு பாதியை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கிண்ணியா நானா கேட்டிருக்கிறார்: "சாய்வு வேண்டாம், சரி. ஆனால் ஊர் வழக்கம் தெரிந்த ஒருவர் அமர்வில் இருப்பது நல்லதில்லையா?" நல்லதுதான், நானா. வெள்ளை நூல் முடிந்தால் வெள்ளைச் சட்டைக்கு எது கிடைக்குமோ அதால் தைக்கிற வீடு என்று ஒன்று இருப்பது தெரிந்தவர் வேண்டும். அதனால்தான் உலகின் பிரதான சட்ட முறைகளும் பிராந்தியங்களும் பிரதிநிதித்துவம் பெற வேண்டும் என்று சாசனத்தில் வைத்திருக்கிறார்கள். தெற்காசியாவில் ஆப்கானிஸ்தான், வங்காளதேசம், மாலைதீவு மூன்றுதான் உறுப்பு நாடுகள். இந்தியாவும் இல்லை, பாகிஸ்தானும் இல்லை, நாமும் இல்லை. ஊர் வழக்கம் தெரிந்தவர் இந்தப் பக்கத்திலிருந்து எங்கே வரப்போகிறார்?

செப்டம்பர் 17

தகுதியை யாராவது பரீட்சித்துப் பார்க்கிறார்களா என்று கேள்வி. பார்க்கிறார்கள். ஆலோசனைக் குழு ஒன்று வைக்கலாம் என்று 1998லேயே சாசனத்தில் எழுதியிருந்தும், குழு அமைந்தது 2012இல். ஒன்பது பேர். வேட்பாளர்களை நேரில் கேள்வி கேட்பார்கள். முதல் வருடங்களில் அநேகமாக எல்லாருமே தகுதியானவர் என்று எழுதிக் கொடுத்தார்கள். 2020 தேர்தலிலிருந்துதான் கறாராக வகைப்படுத்தத் தொடங்கினார்கள். ஆனால் குழு என்ன எழுதினாலும் நாடுகளைக் கட்டுப்படுத்தாது.

என்னைக் கேட்டால் சிக்கல் அதற்கும் முந்திய இடத்தில். ஒரு நாடு தன் வேட்பாளரை எப்படிப் பொறுக்கியது? பத்திரிகையில் விளம்பரம் போட்டா, வெளிநாட்டமைச்சின் ஒரு அறைக்குள்ளா? அங்கே தவறினால் குழு வந்து என்ன செய்ய?

செப்டம்பர் 21

"இந்த வேலைக்கு இனி யார் வருவார்கள்" என்று ஒருவர். அந்தக் கவலை எனக்கும் உண்டு. 2025 ஜூனில் அமெரிக்கா நான்கு நீதிபதிகள் மீது தடை விதித்தது, நான்கு பேரும் பெண்கள். ஓகஸ்டில் இன்னும் இரண்டு நீதிபதிகள், பிரான்சின் நிக்கோலா கியூ, கனடாவின் கிம்பர்லி புரோஸ்ட். கொலைகாரருக்கும் ஆயுத வியாபாரிக்கும் போடும் தடையை, கொடுத்த தீர்ப்புக்காக நீதிபதிக்குப் போடுகிறார்கள். ஒன்பது வருடம் இதைத் தாங்கும் முதுகெலும்பு இருக்கிறதா என்பதும் வேட்பாளரிடம் பார்க்க வேண்டியதாகிவிட்டது. நேர்முகத்தில் அதை எப்படி அறிவது என்று எனக்குப் பிடிபடவில்லை.

செப்டம்பர் 24

2027 மார்ச்சில் ஆறு பேரின் காலம் முடிகிறது. அந்த இடங்களுக்குத் தேர்தல் 2026இல். இலங்கைக்கு வாக்கில்லை. ஆனால் இதை வாசிக்கும் உங்களில் பாதிப் பேருக்கு கனடாவில் அண்ணா, லண்டனில் மச்சாள், பாரிஸில் சித்தப்பா, நோர்வேயில், சுவிஸில், அவுஸ்திரேலியாவில் பிள்ளைகள். அந்த நாடுகள் எல்லாவற்றுக்கும் வாக்கு உண்டு. அவர்கள் தங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதலாம்: யாரை ஆதரிக்கப் போகிறீர்கள், அவர் எத்தனை வருடம் குற்றவியல் நீதிமன்றத்தில் நின்றவர், வாக்கை வேறு ஆசனத்துக்கு மாற்றிக்கொள்ளமாட்டோம் என்று சொல்வீர்களா? ஜெனீவாவுக்குக் கொடி பிடித்துப் போகிற நேரத்தில் கால்வாசி இதற்குப் போதும்.

செப்டம்பர் 25

கடைசியாக வந்த கேள்வி, ஒரு தகப்பனிடமிருந்து. மகள் டொரண்டோவில் சட்டம் படிக்கிறாளாம், இலங்கைக் கடவுச்சீட்டும் வைத்திருக்கிறாள், என்றாவது அவள் அங்கே நீதிபதியாக நிற்கலாமா என்று கேட்கிறார்.

நிற்கலாம், அண்ணை. வேட்பாளர் ஏதாவது ஒரு உறுப்பு நாட்டின் பிரசையாக இருந்தால் போதும். முன்மொழியும் நாட்டின் பிரசையாகவே இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இரண்டு குடியுரிமை இருந்தால், குடியியல், அரசியல் உரிமைகளை வழக்கமாக எந்த நாட்டில் பயன்படுத்துகிறாரோ அந்த நாட்டவராகக் கணக்கெடுப்பார்கள். அவள் கனடாப் பிரசையாகி அங்கேயே வாக்களித்து வாழ்ந்தால் கனடாக்காரி. பிரெஞ்சையும் படிக்கச் சொல்லுங்கள். படிப்பு முடிந்ததும் ஆராய்ச்சி, மாநாடு என்று போகாமல், முதலில் சில வருடம் குற்றவியல் வழக்கு நடக்கும் ஏதாவது ஒரு சின்ன நீதிமன்றத்தில் நிற்கட்டும். அரச தரப்பிலும் நிற்கட்டும், எதிரி தரப்பிலும் நிற்கட்டும்.